சென்னையிலிருந்து சிங்கப்பூர்: தூரம் எவ்வளவு, நேரம் எவ்வளவு? வீட்டு வாசலிலிருந்து கணக்குப் போடும் முழுமையான வழிகாட்டி

மீனம்பாக்கத்திலிருந்து சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்துக்கு வான்வழித் தூரம் சுமார் 2,920 கிலோமீட்டர். நேரடி விமானத்தில் நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகும். இந்த இரண்டு எண்கள் யாருக்கும் சுலபமாகக் கிடைத்துவிடும். ஆனால் மகள் பிரசவத்துக்காக முதல் தடவையாக விமானம் ஏறும் அம்மாவுக்கும், காலையில் இறங்கி அன்றைக்கே வேலையில் சேர வேண்டிய பையனுக்கும் இவை போதாது. எத்தனை மணிக்கு வீட்டைப் பூட்ட வேண்டும், இறங்கும்போது அங்கே என்ன மணி, டிக்கெட்டில் போட்டிருக்கும் தேதி எந்த இரவைச் சொல்கிறது என்பதெல்லாம் தெரிந்தால்தான் பயணம் கைக்குள் வரும். தூரம் மாறாது. நேரம் மட்டும் ஊர், காற்று, மழை, வரிசை எல்லாவற்றையும் பொறுத்து நீளும், சுருங்கும். அதை ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

முதல் படி: தூரத்தை நீங்களே கணக்குப் போடுங்கள்

பிளஸ் டூ கணக்கு தெரிந்தால் போதும். சென்னை விமான நிலையம் ஏறத்தாழ வடக்கு அட்சம் 13.0 பாகை, கிழக்குத் தீர்க்கம் 80.2 பாகை. சாங்கி 1.4 பாகை வடக்கு, 104.0 பாகை கிழக்கு. பூமியின் மேல் ஒரு பாகை அட்சம் என்பது சுமார் 111 கிலோமீட்டர். அட்ச வித்தியாசம் 11.6, அதை 111ஆல் பெருக்கினால் 1,288 கி.மீ. தீர்க்க வித்தியாசம் 23.8, அதையும் 111ஆல் பெருக்க வேண்டும். ஆனால் தீர்க்கக் கோடுகள் துருவத்தை நோக்கிப் போகப் போக நெருங்கி வருவதால், இரண்டு ஊருக்கும் நடு அட்சமான 7.2 பாகையின் கொசைனால், அதாவது 0.99ஆல், இன்னொரு முறை பெருக்குங்கள். சுமார் 2,615 கி.மீ. வரும். இனி பிதாகரஸ் தேற்றம்: இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 2,915 கி.மீ. கோள வடிவத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் முழுச் சூத்திரமும் 2,920ஐ ஒட்டித்தான் விடை தருகிறது. இரண்டு ஊரும் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால்தான் இந்தக் குறுக்குவழி இவ்வளவு நன்றாக வேலை செய்கிறது. லண்டனுக்கு இதே முறையைப் போட்டால் விடை தப்பும்.

மைலில் சொன்னால் சுமார் 1,815. விமானிகள் பயன்படுத்தும் கடல் மைலில் (ஒன்று 1.852 கி.மீ.) ஏறத்தாழ 1,577.

தூரத்தைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஏர்போர்ட்டுக்குப் பக்கத்திலேயே நிற்கிறதே பரங்கிமலை, அங்கிருந்துதான் 1802இல் வில்லியம் லாம்டன் தன் அளவைக்கான அடிக்கோட்டை இழுத்தார். பரங்கிமலையிலிருந்து பெரும்பாக்கம் குன்று வரை ஏழரை மைல், சங்கிலி போட்டு அளந்தது. அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாக இமயம் வரை அளந்துகொண்டே போனதுதான் பிறகு மாபெரும் முக்கோணவியல் அளவை ஆனது. பூமியின் வளைவு எவ்வளவு என்று கண்டுபிடிப்பது லாம்டனின் முக்கிய நோக்கங்களில் ஒன்று. இன்றைக்கு நாம் போனில் ஒரு நொடியில் பார்க்கும் வான்தூரத்துக்கு அந்த வளைவுதான் அடிப்படை.

இரண்டாம் படி: விமானம் எந்த வழியாகப் போகிறது என்று பாருங்கள்

வீட்டில் உலக உருண்டை இருந்தால் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். நூல் வங்கக் கடலைக் குறுக்காகக் கடந்து, கிரேட் நிக்கோபாரை ஒட்டி, சுமத்ராவின் வடமுனைக்கு மேல் வந்து, மலாக்கா நீரிணையின் மேலேயே இறங்கும். விமானமும் ஏறத்தாழ இந்த வழியில்தான் போகும். பாதிக்கு மேல் வெறும் கடல். பகல் விமானம் என்றால் கடைசி ஒன்றேகால் மணி நேரம்தான் ஜன்னலுக்கு வேலை.

நூல் கோலாலம்பூரையும் கிட்டத்தட்டத் தொட்டுக்கொண்டு போவதைக் கவனியுங்கள். சென்னை – கோலாலம்பூர் 2,630 கி.மீ., அங்கிருந்து சிங்கப்பூர் சுமார் 300 கி.மீ. கூட்டினால் நேரடித் தூரமேதான். இது ஐந்தாம் படியில் பயன்படும்.

உண்மையில் பறக்கும் தூரம் 2,920ஐ விடச் சற்றுக் கூடும். வான்பாதைகள் குறிப்பிட்ட புள்ளிகள் வழியாகப் போவது ஒரு காரணம். இன்னொரு காரணம் நம் ஊர் ரன்வே. சென்னையின் பிரதான ஓடுபாதை ஏறத்தாழ கிழக்கு மேற்காக இருக்கிறது. விமானம் எப்போதும் எதிர்காற்றில்தான் எழும்ப விரும்பும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குக் காற்று அடிக்கும்போது கிழக்கு நோக்கி எழும்பி நேராகக் கடலுக்குப் போய்விடும். தென்மேற்குப் பருவக் காலத்தில் மேற்கே பம்மல் பக்கமாக எழும்பி, வட்டமடித்துத் திரும்பிக் கடலுக்கு வர வேண்டும். அதில் சில நிமிடங்கள் போகும்.

மூன்றாம் படி: பறக்கும் நேரத்தைக் கணக்கிடுங்கள்

ஏர்பஸ் ஏ320, போயிங் 737 போன்ற விமானங்கள் உயரத்தில் மணிக்குச் சுமார் 830 கி.மீ. வேகத்தில் போகும். ஏ350, 787 போன்ற பெரியவை 900ஐ ஒட்டிப் போகும். நடுவாக 850 என்று வைத்துக்கொண்டால் 2,920 கி.மீ.க்கு 3 மணி 26 நிமிடம். ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு என்பதால் ஒரு 20 முதல் 25 நிமிடம் சேருங்கள். வானில் இருக்கும் நேரம் 3 மணி 50 நிமிடத்தைத் தொடும். கேட்டிலிருந்து ரன்வேக்கு உருண்டு போவது, அங்கே இறங்கியபின் கேட்டுக்கு வருவது இரண்டுக்கும் சேர்த்து இன்னொரு 25 நிமிடம். ஆக, 4 மணி 15 நிமிடம். விமான நிறுவனங்கள் டிக்கெட்டில் போடுவது இந்த மொத்த நேரத்தைத்தான். நிறுவனம், விமான வகை, சாங்கியின் நெரிசல் ஆகியவற்றைப் பொறுத்து 4 மணியிலிருந்து 4 மணி 30 நிமிடம் வரை பார்க்கலாம்.

இதில் காற்றுக்கும் பங்கு உண்டு. ஆடிக்காற்று மேற்கிலிருந்து வீசி நம் தெருவில் புழுதி கிளப்பும் அதே நாட்களில், மேலே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல் காற்று கிழக்கிலிருந்து வேகமாக அடிக்கிறது. வெப்பமண்டலக் கிழக்கு ஜெட் காற்று என்று பெயர். 1950களில் இதை அடையாளம் காட்டியவர் இந்திய வானிலை ஆய்வாளர் பி. கோட்டீஸ்வரம். ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்தக் காற்று சிங்கப்பூர் போகும்போது எதிரே நிற்கும், திரும்பி வரும்போது பின்னாலிருந்து தள்ளும். அதனால் அந்த மாதங்களில் போகிற நேரமும் வருகிற நேரமும் ஒன்றாக இருக்காது.

துபாயை எடுத்துக்கொண்டால் காற்றின் விளையாட்டு இன்னும் தெளிவாகத் தெரியும். சென்னையிலிருந்து துபாயும் சுமார் 2,930 கி.மீ.தான், சிங்கப்பூருக்குச் சமம். ஆனால் அது வடக்கே தள்ளி இருப்பதால் குளிர்காலத்தில் மேலைக் காற்று பலமாக அடிக்கும் பகுதிக்குள் போகிறது. துபாய்க்குப் போகும் நேரத்தைவிட அங்கிருந்து சென்னை வரும் நேரம் பொதுவாக அரை மணி நேரத்தை ஒட்டிக் குறைகிறது. ஒரே தூரம், இரண்டு நேரம்.

கப்பல் காலத்து ஆட்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். எம்.வி. சிதம்பரம் கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர் என்று ஓடியபோது ஒரு வாரத்தை ஒட்டி ஆகும். 1985இல் அதில் தீப்பிடித்த பிறகு அந்தச் சேவை நின்றுபோனது.

நான்காம் படி: கடிகாரத்தையும் தேதியையும் சரிபாருங்கள்

இங்கேதான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். நிதானமாகப் படியுங்கள்.

இந்திய நேரம் கிரீன்விச்சைவிட ஐந்தரை மணி முன்னால். சிங்கப்பூர் எட்டு மணி முன்னால். வித்தியாசம் இரண்டரை மணி நேரம், வருடம் முழுக்க அதேதான். போகும்போது இரண்டரை மணியைக் கூட்டுங்கள், வரும்போது கழியுங்கள்.

இரவு 11.15க்குச் சென்னையில் கிளம்பும் விமானம் 4 மணி 15 நிமிடம் பறந்தால் நம் நேரம் விடியற்காலை 3.30. இரண்டரையைக் கூட்டினால் சிங்கப்பூரில் காலை 6.00. டிக்கெட்டை மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு ஆறே முக்கால் மணி நேரப் பயணம் போலத் தெரியும். திரும்பும்போது இரவு 8.00க்கு அங்கே கிளம்பினால் சென்னையில் இரவு 9.45க்கு இறங்கலாம். அதைப் பார்த்தால் ஒன்றே முக்கால் மணி நேரம் போலத் தோன்றும். இரண்டுமே நாலேகால் மணி நேரம்தான். டிக்கெட்டில் இருக்கும் புறப்பாடு, வருகை இரண்டும் அந்தந்த ஊர் நேரம் என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

காலை 6.00க்கு இறங்கினாலும் வெளியே இருட்டாகத்தான் இருக்கும். சிங்கப்பூரில் சூரியன் ஏறக்குறைய 7 மணிக்கு எழுகிறது. அந்த ஊர் இருக்கும் தீர்க்கத்துக்கு ஏழு மணி நேர வித்தியாசமே பொருத்தம். மலேசியாவோடு ஒத்துப்போக 1982 ஜனவரி 1 முதல் எட்டு மணி வித்தியாசத்துக்குப் போய்விட்டார்கள்.

அடுத்தது தேதி. சென்னையிலிருந்து வெளிநாட்டுக்குப் போகும் விமானங்களில் நிறைய நள்ளிரவை ஒட்டிக் கிளம்புபவை. டிக்கெட்டில் 'வியாழன் 00.45' என்று இருந்தால், நீங்கள் ஏர்போர்ட்டில் இருக்க வேண்டியது புதன்கிழமை இரவு 9.45க்கு. வியாழன் இரவு சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் விமானம் போய் ஒரு நாள் ஆகியிருக்கும். வயதானவர்களுக்கு டிக்கெட் போட்டுத் தருபவர்கள் வெறும் டிக்கெட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு நிறுத்திக்கொள்ள வேண்டாம். "அம்மா, புதன்கிழமை ராத்திரி எட்டரைக்கு வீட்ல இருந்து கிளம்பணும்" என்று வாயால் சொல்லி, நாட்காட்டியில் புதன்கிழமைத் தாளின் மேலேயே எழுதி வையுங்கள்.

ஐந்தாம் படி: நேரடியா, மாறிப் போவதா?

சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், ஸ்கூட், இண்டிகோ போன்றவை நேரடியாகப் பறக்கின்றன. கோலாலம்பூர் வழியாகவோ கொழும்பு வழியாகவோ போனால் சில நாட்களில் டிக்கெட் விலை குறையும். முன்பு சொன்னபடி, கோலாலம்பூர் வழியில் தூரம் கூடுவதில்லை. கொழும்பு வழியில் சுமார் 475 கி.மீ. கூடும். ஆனால் இரண்டிலும் நேரத்தைத் தின்பது காத்திருப்புதான். இன்னொரு முறை ஏறி இறங்கி, இடையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாலே மொத்தம் ஏழு எட்டு மணி நேரம் ஆகிவிடும்.

என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன்: வயதானவர்களும் கைக்குழந்தையோடு போகிறவர்களும் நேரடி விமானத்தையே எடுங்கள். மாறிப் போவதானால் இரண்டு பயணமும் ஒரே டிக்கெட்டில் இருக்கட்டும். தனித்தனியாக வாங்கினால் முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது தவறும்போது யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். லக்கேஜையும் நடு ஊரில் எடுத்து மறுபடி போட வேண்டிவரும், அதற்கு அந்த நாட்டுக்குள் நுழையும் தகுதியும் வேண்டும்.

ஆறாம் படி: வீட்டிலிருந்து ஏர்போர்ட்

விமானம் கிளம்புவதற்கு மூன்று மணி நேரம் முன்னால் வாசலில் இருங்கள். செக்-இன் கவுன்ட்டரைப் பெரும்பாலும் ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள், போர்டிங் பாஸில் போட்டிருக்கும் கேட் மூடும் நேரமும் கண்டிப்பானது. வெளிநாட்டு விமானங்கள் இரண்டாம் முனையத்திலிருந்து கிளம்புகின்றன. 2023 ஏப்ரலில் திறந்தார்களே, அந்தப் புதிய கட்டடம்.

அங்கே போய்ச் சேர மூன்று வழி. தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் இருப்பவர்களுக்கு மின்சார ரயில்தான் ராஜா: திரிசூலத்தில் இறங்கி ஜிஎஸ்டி சாலையைச் சுரங்கப்பாதை வழியாகக் கடந்தால் ஏர்போர்ட். பெரிய பெட்டி இரண்டு இருந்தால் மட்டும் படிக்கட்டு சிரமம். வண்ணாரப்பேட்டை, சென்ட்ரல், தேனாம்பேட்டைக்காரர்களுக்கு நீல வழி மெட்ரோ நேராக ஏர்போர்ட் வரை வருகிறது. கோயம்பேடு, அண்ணா நகர்ப் பக்கத்திலிருந்து பச்சை வழியில் வந்தால் ஆலந்தூரில் மாறுங்கள். ஜிஎஸ்டி சாலை எப்படி அடைத்துக்கொண்டாலும் மெட்ரோவுக்குக் கவலையில்லை. ஆனால் பின்னிரவில் மெட்ரோ கிடையாது, அதிகாலை விமானத்துக்கு டாக்ஸிதான்.

சோழிங்கநல்லூர், துரைப்பாக்கம் பக்கம் ஐடி நிறுவனங்கள் விடும் நேரத்தில் இரு மடங்கு நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ரேடியல் சாலை முடிந்து பல்லாவரத்தில் ஜிஎஸ்டியைத் தொடும் இடம்தான் பொறுமையைச் சோதிக்கும். அம்பத்தூர், ஆவடிக்காரர்கள் சாயங்காலம் கிளம்பினால் ஒன்றரை மணி நேரம் ஒதுக்குவது நியாயம்.

உள்ளே போனபின் வரிசைகள். வாசலில் பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் பார்ப்பார்கள், பிறகு செக்-இன், இமிக்ரேஷன், பாதுகாப்புச் சோதனை. பெட்டி கட்டும்போதே நேரத்தை மிச்சம் பிடிக்கலாம். ஊறுகாய், நெய், தொக்கு எல்லாம் பெரிய பெட்டிக்குள் போகட்டும். கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் பையைத் தனியாகத் தள்ளி வைத்துவிடுவார்கள். ஒவ்வொரு டப்பாவாக வெளியே எடுத்து, ஆவக்காய் பாட்டிலைக் கடைசியில் அங்கேயே விட்டுவிட்டு நடக்க வேண்டிவரும். பவர் பேங்க் நேர்மாறு: அது கைப்பையில்தான் இருக்க வேண்டும். கொப்பரைத் தேங்காயை எதிலும் வைக்காதீர்கள், எண்ணெய் உள்ளதால் தீப்பற்றும் பொருள் என்று எடுத்துவிடுவார்கள்.

அடிக்கடி போகிறவர்களுக்கு ஒன்று: 2025 ஜனவரியிலிருந்து சென்னையிலும் 'டிரஸ்டட் டிராவலர்' திட்டம் இருக்கிறது. இலவசமாக முன்பதிவு செய்து கைரேகை கொடுத்துவிட்டால் இமிக்ரேஷனில் தானியங்கிக் கதவு வழியாகப் போகலாம்.

மாதத்தையும் பாருங்கள். நவம்பர், டிசம்பரில் புயல் வந்தால் விமான நிலையமே மூடப்படுகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சில நாட்கள் மூடினார்கள். 2023 டிசம்பர் 4 மிக்ஜாம் புயலிலும், 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலிலும் இதே கதை. அந்த மாதங்களில் திருமணம், நேர்காணல் போல நாள் தவறக் கூடாத காரியத்துக்குப் போகிறவர்கள் ஒரு நாள் முன்னதாகவே போங்கள். போகிப் பண்டிகைக் காலையும் அப்படித்தான். 2018இல் போகிப் புகை மூட்டத்தால் விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பப்பட்டன.

ஏழாம் படி: சாங்கியில் இறங்கிய பிறகு

இந்தியப் பாஸ்போர்ட்டுக்குச் சிங்கப்பூர் விசா முன்கூட்டியே தேவை, அதைக் கையில் வாங்கிய பிறகு டிக்கெட்டை உறுதி செய்வது நல்லது. இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் எஸ்ஜி அரைவல் கார்டு என்ற படிவத்தைச் சிங்கப்பூர் குடிநுழைவுத் துறையின் தளத்தில் நிரப்ப வேண்டும். அது முற்றிலும் இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவானாலும் மூடிவிடுங்கள்.

கேட்டிலிருந்து குடிநுழைவு வரை நல்ல நடை இருக்கும். முட்டிவலி உள்ளவர்களுக்கு டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலி கேட்டு வைத்தால், சென்னைக் கவுன்ட்டரிலிருந்து சாங்கி வாசல் வரை கூடவே ஆள் வருவார். கூச்சப்பட வேண்டியதே இல்லை. குடிநுழைவு, பெட்டி எல்லாம் முடித்து வெளியே வர ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கிருந்து தேக்காவுக்கு, அதாவது லிட்டில் இந்தியாவுக்கு, பெருவிரைவு ரயிலில் போகலாம். எக்ஸ்போ நிலையத்தில் டவுன்டவுன் பாதைக்கு மாறினால் நேராகக் கொண்டுபோய் விடும், முக்கால் மணி நேரம். டாக்ஸியில் சாலை காலியாக இருந்தால் அரை மணிக்குள்.

இப்போது மொத்தத்தையும் கூட்டலாம். அம்பத்தூரில் மாலை 6.45க்கு வீட்டைப் பூட்டுகிறீர்கள். 8.15க்கு ஏர்போர்ட், 11.15க்கு விமானம், அங்கே காலை 6.00க்கு இறக்கம், 7.00க்கு வெளியே, 7.45க்கு தேக்கா. சென்னை நேரத்தில் அது 5.15. நாலேகால் மணி நேர விமானத்துக்கு வாசலிலிருந்து வாசல் வரை பத்தரை மணி நேரம். அதில் தூக்கம் என்று கிடைப்பது அதிகம் போனால் மூன்று மணி நேரம்தான். ஆகவே இறங்கிய அன்று காலையிலேயே முக்கியமான சந்திப்பை வைத்துக்கொள்ள வேண்டாம்.

எட்டாம் படி: திரும்பும்போது

சாங்கியில் வரிசைகள் வேகமாக நகரும் என்றாலும் மூன்று மணி நேரக் கணக்கைக் குறைக்காதீர்கள். காலை விமானத்தில் கிளம்பினால் சென்னையில் பாதி நாள் கையில் மிஞ்சும், கடிகாரம் நமக்கு இரண்டரை மணி நேரத்தைத் திருப்பித் தருவதால் வரும் லாபம் அது.

இரவு 9.45க்கு இறங்கினால் இமிக்ரேஷன், பெட்டி, சுங்கம் தாண்டி வெளியே வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம், அதே சமயத்தில் வளைகுடா விமானங்களும் வந்து சேர்ந்தால் இன்னும் கூடும். மெட்ரோவைப் பிடிக்கலாம் என்று நம்பி இருக்காமல் டாக்ஸிக்கோ வீட்டு ஆளுக்கோ ஏற்பாடு செய்யுங்கள். அழைத்துப் போக வருபவர்கள் விமானம் கிளம்பியதும் ஃப்ளைட்ரேடார்24 செயலியில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் தாமதமா முன்னதாகவா என்பது தெரிந்துவிடும். வேளச்சேரி, நங்கநல்லூர் போலப் பக்கத்தில் இருப்பவர்கள் "இறங்கியாச்சு" என்று போன் வந்தபின் கிளம்பினாலே போதும். தொலைவில் இருப்பவர்கள் விமானம் கடற்கரையைத் தாண்டும்போது காரை எடுங்கள். பல அடுக்கு வாகன நிறுத்தத்தில் எந்தத் தளத்தில் நிற்கிறீர்கள் என்பதை, பெட்டிக்காகக் காத்திருக்கும் அவர்களுக்கு ஒரு மெசேஜில் போட்டுவிடுங்கள்.